போதையில் வீழ்ந்தோரும் திலகவதியார் காட்டிய வழியும்

பெறுதற்கரியது மானிடப் பிறவி. இறைவன் இப்பிறவியைத் தந்தது அவனை அறிந்து வழிபட்டு உய்வதற்காகவே. உடலும் மனமும் அவ்வழிபாட்டுக்குரிய கருவிகள். அக்கருவிகளைக் கெடுப்பது எதுவோ அது சிவவழிபாட்டுக்குத் தடையாகும். இது பற்றியே திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். நல்லூர் தந்த ஆறுமுக நாவலர் (1822–1879) நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலைக் கண்டித்து எழுதினார். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் மதுவிலக்கை வலியுறுத்திப் பேசினார்.

அவர்கள் காலத்தில் கள்ளும் சாராயமுமே பெரிதாகப் பேசப்பட்டன. 2009 இல் போர் ஓய்ந்த பின்னரோ குடாநாட்டு மக்கள் கசிப்போடு கேரளக் கஞ்சா, மாவா, ஹெரோயின், ஐஸ் என்னும் பெயர்களையும் கேட்கலாயினர். பாடசாலைப் பையில் மாவாப் பொட்டலம் இருக்குமோ எனப் பெற்றார் அஞ்சும் காலம் வந்துவிட்டது.

சட்டம் கடுமையானதே. 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என 1984 ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது. 2022 இல் ஐஸ் என்னும் போதைப்பொருளுக்கும் 5 கிராம் என்ற அளவோடு அத்தகைய தண்டனை கொண்டுவரப்பட்டது. விற்பவனைத் தண்டிப்பது அரசின் கடமை. வாங்கிப் பழகி வீழ்ந்துபோன பிள்ளையை எழுப்புவது யாருடைய கடமை? இதற்கு விடையைப் பெரியபுராணத்திலே காணலாம்.

திருவாமூரிலே பிறந்த மருள்நீக்கியார் இளமையில் தாய் தந்தையரை இழந்தார். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரிலே மாண்டார். உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். அத்தம்பியோ தமக்கையைப் பிரிந்து வேறு வழி சென்றார். அங்கே அவரைக் கொடிய சூலைநோய் பற்றியது. எந்த மருந்துக்கும் நோய் தீரவில்லை. தமக்கையை அழைத்துவரும்படி சமையற்காரனை அனுப்பினார். "அங்கே நான் வாரேன்" என மறுத்துவிட்டார் திலகவதியார். பின்னர் தம்பியே இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து திருவடியில் விழுந்தபோது, அம்மையார் ஒரு வார்த்தை கடிந்துரைத்தாரில்லை. திருநீறு அளித்து, திருப்பள்ளியெழுச்சிக்கு முன்னரே திருவீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். தம்பி பதிகம் பாட, நோய் நீங்கியது. அவரே திருநாவுக்கரசர் ஆனார். உழவாரப்படை ஏந்தி ஆலயந்தோறும் திருப்பணி செய்தார்.

இவ்வரலாற்றை நோயும் தமக்கையும் என்ற அளவிலே எண்ணிப் பார்த்தால் மூன்று செய்திகள் விளங்கும்.

முதலாவது, அம்மையார் தம்பி இருந்த இடத்துக்குப் போகவில்லை. போதைக்கு அடிமையான மகன் காசு கேட்டு அழும்போது, தாய் காப்பை அடகு வைத்துக் கொடுப்பது அன்பு போலத் தோன்றும். அந்தக் காசு விற்பவன் கைக்கே போய்ச் சேரும். அவன் பட்ட கடனை மறைத்துக் கட்டுவதும், அவனுக்காகப் பொய் சொல்வதும் அப்படியே. இவற்றை மறுப்பது பாவமன்று.

இரண்டாவது, அவர் கதவை அடைக்கவில்லை. "இனி இந்தப் படலையை மிதியாதே" எனத் துரத்தப்பட்ட பிள்ளைக்கு விற்பவன் வீடே புகலிடமாகிறது. திருந்தி வந்தால் இடமுண்டு என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். குடும்ப மானம் போய்விடும், தங்கைக்குச் சம்பந்தம் வராது என அஞ்சி நோயை ஒளிப்பவர் பலர். ஒளிக்கப்பட்ட நோய் முற்றும்.

மூன்றாவது, வந்தவரை அம்மையார் தாமதியாது நோய் தீரும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். திருநீறும் பிரார்த்தனையும் மனத்துக்கு உறுதி தரும். அவற்றோடு மருந்தும் வேண்டும். ஐஸ் பாவிப்பவர் நித்திரையின்றி, காதில் குரல் கேட்பதாகவும் பிறர் தன்னைக் கொல்ல வருவதாகவும் சொல்லக்கூடும். அதனைப் பேய் எனக் கருதி நூல் கட்டிக் காலங்கடத்தக் கூடாது. ஹெரோயினை நிறுத்தியவருக்கு உடல் உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை உண்டாகும்; இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைந்து பின்னர் படிப்படியாகத் தணியும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டு அறையில் பூட்டி வைப்பது மருத்துவமாகாது. சில காலம் நிறுத்தியிருந்தவர் மீண்டும் பழைய அளவு ஹெரோயினை எடுத்தால் உடல் தாங்காது மரணம் நேரலாம். திருந்திய பிள்ளை மறுபடி தவறிய அன்றுதான் அவனுக்கு ஆள்துணை மிக வேண்டும். ஏச்சுக்கு அது நேரமன்று.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநல வைத்தியர்கள் உள்ளனர். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்த ஆண்டும் அதுவே என நினைவிற்கொண்டால் மறவாது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமெனத் தனிச்சட்டம் ஒன்று 2007 இல் நிறைவேறியது. அடிமையானவர் நோயாளர் என்பதை நாட்டின் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆலயத்துக்கும் கடமையுண்டு. திருவிழா முடிந்த இரவில், சுவாமி காவிய இளைஞரைச் சாராயப் போத்தலால் உபசரிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் உபயகாரர் அதனை அன்றே ஒழிக்க வேண்டும். நோய் தீர்ந்து வந்தவனைக் கண்டு முகஞ்சுளித்து ஒதுங்குவதும், அவன் காதுபடப் பழங்கதை பேசுவதும் அடியார்க்கு அழகன்று. அவனிடம் ஒரு விளக்குமாற்றையோ மண்வெட்டியையோ கொடுத்து, வீதி கூட்டவும் நந்தவனத்துக்குத் தண்ணீர் விடவும் மடைப்பள்ளிக்கு விறகு கொத்தவும் அழைக்க வேண்டும். வேலையின்றி இருக்கும் மாலைப்பொழுதே அவனுக்குப் பெருஞ்சோதனை. நோய் தீர்ந்த நாவுக்கரசரின் கையில் உழவாரம் இருந்ததை எண்ணுக.

மெய்யடியார்களே! பாற்கடலில் எழுந்த நஞ்சைக் கண்டு தேவர்கள் ஓடினர். எம்பெருமான் அதனைத் தானே ஏற்றுக் கண்டத்தில் அடக்கி உலகைக் காத்தான். அந்த நீலகண்டனை வணங்குவோர், அயல்வீட்டில் நஞ்சு புகுந்தபோது கண்டும் காணாதவர் போல ஓடலாகாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திலகவதியார் விழித்திருக்கவும், வழிதவறிய பிள்ளைகள் யாவரும் உயிரோடு வீடு வந்து சேரவும் எல்லாம் வல்ல சிவபரம்பொருளின் திருவருளை வேண்டுவோமாக.

சுபம்.