சபலம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குப் பஞ்சமில்லை. நவராத்திரிக்கு முன் ஒரு மாலை பேரனை அழைத்துக்கொண்டு கொலுவுக்குப் பொம்மை வாங்கப் போனேன். யானை, மயில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவன் ஒரு சின்னக் கப்பலைத் தூக்கிக்கொண்டான்.

"தாத்தா, இதுதான் சபல்!"

கோடை விடுமுறையில் கார்வார் போயிருந்தோம். அங்கே தாகூர் பெயர் தாங்கிய கடற்கரையில் ஐ.என்.எஸ். சபல் என்னும் ஏவுகணைப் படகைக் கரையேற்றிக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். சோவியத் நாட்டில் கட்டியது. 1976-இல் நம் கடற்படையில் சேர்ந்து 2005-இல் ஓய்வு பெற்றது. நீளம் நாற்பது மீட்டர்கூட இல்லை. அதற்குள் நான்கு ஏவுகணைகளும் ஏறக்குறைய முப்பது மனிதர்களும்!

"அது எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது, தாத்தா?"

"1971 யுத்தம் முடிந்து ஐந்து வருஷம் கழித்துத்தானே அது வந்தது" என்றேன்.

பையனின் முகம் வாடிவிட்டது.

அந்த வாட்டம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. குற்றம் அவனுடையதா? படகின் முன் நின்று கதை சொன்னவன் நான்தான். 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கித் தாக்கியதைக் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மூழ்கிய கைபர் கப்பலோடு இருநூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் போனதை மட்டும் சொல்லவில்லை.

ஐந்து நாளில் நம் குக்ரி மூழ்கியது. காப்டன் மகேந்திரநாத் முல்லாவும் ஏறக்குறைய இருநூறு பேரும் கடலோடு போனார்கள். அதை மூழ்கடித்த ஹங்கோர் நீர்மூழ்கி இன்று கராச்சியில் காட்சிப்பொருள். அங்கேயும் ஒரு தாத்தா பேரனுக்குக் கைகளை ஆட்டிக் கதை சொல்வார். அவரும் ஒன்றை விட்டுவிடுவார்.

அப்படியானால் இந்தப் படகுகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? கூடாது. நாம் போர்த்திக்கொண்டு தூங்கிய இரவுகளில் யாரோ ஒருவர் பிள்ளை அதில் விழித்திருந்தான். அந்த நன்றியை மறப்பது பாவம். ஆனால் நன்றி வேறு, ருசி வேறு. நம் வீட்டுப் பூட்டு எத்தனை திருடர்களைப் பிடித்தது என்று யாராவது கேட்கிறோமா? ஒரு திருடனும் தொடாத பூட்டு வீண் என்று வருந்துகிறோமா? ஆயுதத்திடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

சபலம் என்றால் வடமொழியில் வேகம் என்றும் பொருள் உண்டு. படகுக்கு அந்தப் பொருளில்தான் பெயர் வைத்தார்கள். தமிழில் நாம் மனத்தின் தடுமாற்றத்துக்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். கரையேறி நிற்கும் படகிடம் இன்று வேகம் இல்லை; அதைப் பார்க்கப் போகிற நம்மிடம்தான் சபலம் இருக்கிறது.

மறுநாள் கொலுப்படி அருகே பேரனை உட்காரவைத்து விட்டுப்போன மீதிக் கதையைச் சொன்னேன். இரண்டு கப்பல்களின் கதையையும் சொன்னேன். இந்தத் தடவை கைகளை ஆட்டவில்லை.

பையன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, சிப்பாய்ப் பொம்மைகளுக்கு நடுவில் தான் வைத்திருந்த கப்பலை எடுத்தான். கீழே கண்ணாடி பதித்து அவன் பாட்டி அமைத்திருந்த தெப்பக்குளத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தான்.