64 பேரில் ஒருவர்

ஆங்கிலோ இந்தியர் என்றால் யார் என்பதற்கு இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 366ஆம் உறுப்பு ஒரு வரையறை தருகிறது. இந்தியாவில் நிலையாகக் குடியிருக்கும் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்கிற ஒருவரின் தந்தையோ, தந்தைவழியில் வேறெந்த ஆண் மூதாதையோ ஐரோப்பிய வம்சத்தவராக இருந்தால் அவர் ஆங்கிலோ இந்தியர். தாய்வழி பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. என் தம்பி வேறு சமூகத்தில் திருமணம் செய்துகொண்டான்; அவன் பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியர்கள். நானும் வேறு சமூகத்தில்தான் திருமணம் செய்துகொண்டேன். என் மகள் அந்த வரையறைக்குள் வரமாட்டாள். இரண்டு பேருடைய பிள்ளைகளும் ஒரே தாத்தாவின் பேரக்குழந்தைகள்தான்.

எங்கள் குடும்பத்தில் வம்சாவளி தேடுவது ஏறக்குறைய ஒரு நேர்த்திக்கடன். அதற்கு வசதியும் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம் 1680இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கும் சென்னை மாகாணத்தின் பிற தேவாலயங்களிலும் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் பிரதி எடுக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் வழியே என் பெரியப்பா மகன் ஆறு தலைமுறை மேலே ஏறி, கம்பெனியின் பீரங்கிப் படையில் சேர்ந்து கப்பலேறி வந்த ஓர் ஆங்கிலேயச் சிப்பாயைக் கண்டுபிடித்தார். பிழைப்புத் தேடி வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே மண்ணானவர். பரங்கிமலையில் அவருடைய மகனுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. பதிவேட்டில் அவர் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் உண்டு. தாயின் இடத்தில் பெயர் இல்லை. சுதேசப் பெண் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் இருக்கின்றன.

வம்சம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உறவினர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு ஒரு கணக்கு உறுத்தியது. பெற்றோர் இரண்டு, தாத்தா பாட்டிகள் நான்கு, அதற்கு மேலே எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஆறாவது தலைமுறையில் எனக்கு 64 மூதாதையர். 32 ஆண்கள், 32 பெண்கள். அந்தச் சிப்பாய் 64 பேரில் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் 64 பேரில் ஒருவர். என் உடம்பில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு. ஒருவரை வேர் என்றும் மற்றவரை அடிக்குறிப்பு என்றும் சொல்ல இயற்கையில் எந்த நியாயமும் இல்லை.

குடும்பப் பெயர் தந்தைவழியில் வருவதால் தேடலும் அவ்வழியே போகிறது, இது வெறும் பதிவு வசதிதானே என்று கேட்கலாம். வெறும் வசதியாக இருந்தால் தாய் எப்போதும் மறக்கப்பட்டிருக்க வேண்டும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1687இல் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க வேண்டும். பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்றது அக்கடிதம். படைக்கு ஆள் வேண்டியிருந்தபோது தாய் நினைவுக்கு வந்தாள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1791இல், இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த மகன்களைக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பணிகளில் நியமிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கதவைச் சாத்த வேண்டியிருந்தபோதும் தாய் நினைவுக்கு வந்தாள். வம்சம் எழுதும்போது மட்டும் அவளுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று.

இந்த மறதியில் எங்கள் பங்கும் இருக்கிறது. தெருவில் எங்களைச் சட்டைக்காரர் என்றார்கள். வீட்டுக்குள் நாங்கள் வெள்ளைக்காரத் தாத்தாவைச் சட்டகம் போட்டு மாட்டிக்கொண்டோம். அந்தப் பெண் எந்தச் சாதி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பறச்சேரிக்கோ மீனவக் குப்பத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆணாதிக்கம் அவர் பெயரை அழித்தது. அது அழிந்தே கிடக்கட்டும் என்று விட்டது எங்கள் சாதிப் புத்தி.

அப்படியானால் இன்று அவருக்கு நான் செய்ய வேண்டியது என்ன? ஒரு பெயர் வைத்து, ஒரு கதை எழுதி அவரை மீட்டுவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசையைப் பற்றி எனக்கு எச்சரிக்கை உண்டு. கல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் ஓர் இந்தியப் பெண்ணோடு வாழ்ந்தவர். அவர்களுடைய மூன்று மகள்களுக்கு 1689இல் சென்னையில்தான் ஞானஸ்நானம் நடந்தது. அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் நமக்குத் தெரியாது. அவரைப் பற்றி மிஞ்சியிருப்பது, உடன்கட்டைச் சிதையிலிருந்து சார்னாக் அவரைக் காப்பாற்றினார் என்ற கதை. அது அவருடைய கதையா, சார்னாக்கின் பெருமையா? பெயரில்லாத பெண்ணுக்கு மற்றவர்கள் எழுதும் கதை, எழுதுபவரின் தேவைக்கே வளைகிறது.

பரங்கிமலைப் பெண் விரும்பிச் சேர்ந்தாரா, பசிக்காகச் சேர்ந்தாரா, விற்கப்பட்டாரா, பதிவேடு சொல்லாது. காதல் என்று நான் எழுதினால், நடந்திருக்கக்கூடிய வன்முறைக்கு வெள்ளையடிக்கிறேன். வன்முறை என்று மட்டும் எழுதினால், அவருக்கு இருந்திருக்கக்கூடிய விருப்பத்தையும் துணிச்சலையும் பறிக்கிறேன். தாய்வழி மரபணுச் சோதனைகூட அவரை எட்டாது. இழைமணி டிஎன்ஏ தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். மகன் வழியே அடுத்த தலைமுறைக்குப் போகாது. என்னோடு அவரை இணைப்பது ஒரு மகன்தான்.

ஆகவே நான் கேட்பது சிறிய நியாயம். தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுவோம். ஆனால் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி எழுதுவோம். எங்கள் குடும்ப மரத்தை அச்சிட்டுச் சட்டகம் போடப் பெரியப்பா மகன் ஏற்பாடு செய்கிறார். அவருடைய படத்தில் உச்சியில் சிப்பாய் தனியாக நிற்கிறார். நான் 64 கட்டங்களையும் போடச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குப் பெயர் தெரிந்தது 11 பேருக்கு. அதில் ஒன்பது பேர் ஆண்கள். மீதி 53 கட்டங்கள் வெறுமையாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்கிறார் அவர். நன்றாக இல்லாததை நன்றாக இல்லாதபடியே மாட்டலாம் என்றேன். கீழ் வரிசையில், தம்பி பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் என் மகள் பெயரும் இருக்க வேண்டும் என்றேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.