எதிர்ப்பும் அடக்கமும்

நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். இந்தச் சொல்லில் எதிர்ப்பு இருக்கிறது, சக்தி இருக்கிறது, அடக்கம் இல்லை. உடம்பைக் கோட்டையாகவும் கிருமியைப் பகைவனாகவும் பார்த்துப் பழகிய மனத்தின் சொல் இது. கொல்லத் தெரிவதுதான் வலிமை, கொல்லாதிருப்பது அதன் குறைவு என்ற எண்ணம் இதன் அடியில் கிடக்கிறது. இந்த எண்ணம் உடம்போடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

நம்முள் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நம் செல்களின் எண்ணிக்கைக்குச் சமம். பெரும்பாலானவை குடலில். அவற்றுக்கும் குடற்சுவருக்குள் இருக்கும் வெள்ளணுக்களுக்கும் நடுவே சளிப்படலமும் மெல்லிய செல் அடுக்கும்தான். ஆனால் அங்கு நிலவும் அமைதிக்குச் சுவர் மட்டும் காரணமில்லை. வெள்ளணுக்களை அடங்கச் செய்யும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்தை உண்டாக்க முடியாத சுண்டெலிகளை 1993இல் உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் குடல் அழன்று புண்ணாயிற்று. பின்னர் அதே வகை எலிகளை நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்தபோது அழற்சி தோன்றவில்லை. கிருமி வெறுமனே அங்கு இருந்தது. அதைப் பொறுக்க முடியாத உடம்பு தன் குடலைத் தானே எரித்துக்கொண்டது.

அடக்குவதையே தொழிலாகக் கொண்ட டி செல்களை 1995இல் ஷிமோன் சகாகுச்சி இனங்காட்டினார். 2025இன் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. குடலிலுள்ள இத்தகைய செல்களில் பல, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களையே அடையாளம் காணக்கூடியவை. என்னை யோசிக்கவைப்பது இதுதான். எதிரில் இருப்பது இன்னதென்று தெரியாததால் உடம்பு சும்மா இருக்கவில்லை. தெரிந்துகொண்டே கையை இழுத்துப் பிடிக்கிறது. அதற்கும் ஓயாத உழைப்பு வேண்டியிருக்கிறது.

இதை வைத்து அஹிம்சைக்கு விஞ்ஞான முத்திரை குத்த நான் தயாராக இல்லை. புற்றுநோய்க் கட்டி இதே வகைச் செல்களைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு அவற்றின் நிழலில் வளர்கிறது. யாருக்கு நிழல் தருகிறோம் என்று பொறுமை தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில்லை.

எதிர்ப்பதும் சக்தி, அடக்குவதும் சக்தி. எப்போது எது என்பதற்கு நிரந்தரமான விடை உடம்பிடமும் இல்லை. கொல்லாதவனைக் கோழை என்றும் பொறுத்தவனை மகான் என்றும் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிற நமக்கு இது அசௌகரியமான செய்தி.