தறி நின்ற நாட்கள்

என் ஆயாவைப் பற்றி யார் பேசினாலும் தியாகம் என்ற சொல் வந்து விழும். ஊருக்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்டவள் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றும்போது ஆயாவுக்கு இருந்த முகம் வேறு. மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு சந்தவாசலில் போளூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது இருந்த முகம் வேறு. பஸ் ஏறியதும் பத்து வயது குறைந்துவிடும் அவளுக்கு. பிடித்துச் செய்ததை எப்படித் தியாகம் என்பது?

அவள் செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தான். விதவைப் பென்ஷனுக்கு மனு எழுத ஆள் பிடிப்பாள், எழுதியதும் தாலுகா ஆபீசுக்குக் கூடவே போவாள். ‘நாளைக்கு வா’ என்று சொன்னால் நாளைக்கும் போய் நிற்பாள். வலி கண்ட பெண்ணை வேலூர் பென்ட்லண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், குழந்தை பிறக்கும்வரை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கிடப்பாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது அத்துப்படி.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்றானபோது, ஆயாவை நிற்கச் சொல்லி வீட்டுக்கே வந்தார்கள். “நான் ஒரு கட்சியில நின்னா, அடுத்த கட்சிக்காரன் பொண்டாட்டி வலி வந்தா என்னைக் கூப்பிடுவாளா?” என்று அனுப்பிவிட்டாள். அவளைப் பற்றி நான் பெருமைப்படும் இடம் இதுதான்.

இனி வீட்டுக் கணக்கு. எங்களுடையது குழித்தறி வீடு. பாவு ஏறிவிட்டால் தாத்தா தறியில் இறங்குவார். ஆனால் ஊடைப் பட்டைத் தாரில் சுற்றிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் நாடா ஓடாது. அறுந்த இழையை முடிந்து கொடுக்கவும் இன்னொரு கை வேண்டும். இந்த வேலைகளுக்குத் தனிக் கூலி கிடையாது. கூலி சேலைக் கணக்கில் வரும். அதுவும் தறியில் உட்கார்ந்தவர் பேரில் வரும். ஆரணிப் பட்டு என்று கடையில் விரித்துக் காட்டும் சேலையில், பாதி வேலை பேரில்லாத கைகளுடையது. ஆயா போளூருக்குப் போன நாளில் தறி நிற்கும், சேலை தள்ளிப்போகும், கூலியும் தள்ளிப்போகும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறிப் பாவு நமுத்துப்போய்த் தறி தானாகவே நிற்பதுண்டு. அதையெல்லாம் தாத்தா கணக்கில் வைக்க மாட்டார். ஆயா நிறுத்திய நாட்கள் மட்டும் தேதியோடு நினைவிருக்கும்!

அம்மா மருமகளாக வந்த பிறகு தறி நிற்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டீச்சர் டிரெய்னிங் சேர வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவள் அவள். ஆயா எழுந்துபோன இடத்தில் ராட்டை முன்னால் உட்கார்ந்தாள். ஆயா போளூரைத் தாண்டித் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ்வரை போக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். இவை இரண்டையும் வீட்டில் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஊரில் அத்தனை பேர் ஆயாவைக் கும்பிட்டார்கள். அம்மாவிடம் வந்து நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. தியாகி யாரென்று என்னைக் கேட்டால், பஸ் ஏறியவளை அல்ல, தார் சுற்றியவளைத்தான் காட்டுவேன்.

பெரிய பெயர்களை எடுத்துப் பார்த்தாலும், வீடு என்ன செய்தது என்ற கேள்வியை நான் விடுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914-ல் சுந்தர ரெட்டியை மணக்கும்போதே, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே வரக் கூடாது என்று நிபந்தனை வைத்தவர். எங்கும் இடம் கிடைக்காத தேவதாசிக் குலத்துப் பெண்பிள்ளைகளுக்கு அவர் வீட்டிலேயே இடம் கொடுத்ததுதான் 1930-ல் அவ்வை இல்லமாயிற்று. தங்கை புற்றுநோயில் இறந்த துயரம் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது. தொடங்கும்போது பன்னிரண்டே படுக்கைகள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அதற்கே உழைத்தார். வீடே வேலையில் இறங்கிவிட்டது அங்கே. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கும் அப்படித்தான். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-ல் மணந்த தம்பதி, நிலமில்லாதவர்களுக்கு நிலம் கேட்ட பூதான இயக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தார்கள். 1968-ல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கிருஷ்ணம்மாள் தஞ்சைப் பக்கம் போய்த் தங்கினார். இருவரும் 1981-ல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் வாங்கிக் கொடுத்த நிலங்களைப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வழியில் நடந்ததால் ‘ஏன் போனாய்’ என்று கேட்க ஆளில்லை.

ஆயாவுக்கு நிபந்தனை வைக்கும் வயதும் வாய்க்கவில்லை, துணையாக நடக்கும் புருஷனும் வாய்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டினாள். தனக்குக் கிடைக்காத விடுதலையை மருமகளின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள் என்றும் சொல்லலாம். சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் போயிருக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. பென்ட்லண்ட் வராந்தாவில் அவள் படுத்திருந்த இரவுகளில் பிறந்தவர்கள் இன்று இதே ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சேலை ரெண்டு நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘முத்துலட்சுமி பணம்’ வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி பேரில் 1987-ல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் அது; இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய். பணத்தைக் கேட்பவர்களில் பலருக்கு அந்த முத்துலட்சுமி யாரென்று தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பணம் கைக்கு வந்தால் சரி. ஆயாவும் பேர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அல்ல. அவளுக்குச் சிலை, கல்வெட்டு என்று யாராவது பேச்செடுத்தால் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டிலும் ஊர் வேலைக்கென்று கிளம்பும் ஒருத்தி இருக்கலாம். அவளைத் தியாகி என்று புகழ்வதைத் தள்ளி வையுங்கள். அவள் கிளம்பும் நாளில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று ஆண்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த வேலை இன்னொருத்தி தலையில் சத்தமில்லாமல் விழ விடாதீர்கள்.