கண்ணாடியில் பார்த்து எழுதிய கண்

கண்டியின் சந்தடியை விட்டு அம்பிட்டியவுக்கு ஏறினால் குருமடம் வரும். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவ, இயேசு சபையார் 1893இல் தொடங்கி நடத்தியது. 1955இல் அது பூனாவுக்கு மாறும்வரை இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து இங்கே ஆண்டுக்கணக்கில் தங்கிப் படித்தார்கள். பெற்றவர்கள் கடலுக்கு அப்பால். செபம் சொல்லும்போது யார் முகம் முதலில் வந்திருக்கும் அவர்களுக்கு? கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் இந்த மலைநாட்டில் அலைந்த இன்னொருவருக்கு நினைத்துக்கொள்ளவும் முகம் இல்லை. ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். ஆங்கிலத் தாய் குழந்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அரிச்சந்திரன் நாடகத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் தந்த சைவத் தமிழரான தந்தை, சர் முத்து குமாரசுவாமி, பின்னால் போகவிருந்த வேளையில் 1879இல் காலமானார். மகனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

1903இல் அந்த மகன் கனிமவள ஆய்வின் தலைவராக இலங்கைக்குத் திரும்பினார். தேடச் சொன்னது கல்லை. அவர் கண் போனதோ கண்டி ஊர்களின் தச்சர், கொல்லர், ஓவியர், பாய் நெய்பவர் கைகளின் மேல். தந்தையின் மண் என்ற பற்றுதான் அவரை அங்கே நிறுத்தியது என்பது என் எண்ணம். அப்படி அவர் எங்கும் எழுதிவைத்ததாக நான் சொல்ல வரவில்லை. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, ஆங்கிலக் கைவினை இயக்கத்தவர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அச்சிடுவித்தார். 425 பிரதிகள். தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைஞருக்கு இவ்வளவு பொறுமையாக மரியாதை செய்தார் என்பதை, நமது நாட்டில், கொஞ்சம் நின்றுதான் யோசிக்க வேண்டும்.

அந்த நூல் விவரிக்கும் சடங்கு ஒன்று: நேத்திர மங்கல்யம். புத்தர் சிலைக்குக் கடைசியாகக் கண் எழுதும் ஓவியர் சிலையை நேரே பார்க்கமாட்டார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே தூரிகையை நகர்த்துவார். கண் திறந்த கணத்தின் பார்வையை மனிதர் நேரே தாங்க முடியாது என்பது நம்பிக்கை. நம் சிற்பிகளுக்கும் கண் திறப்பு கடைசி வேலைதான்.

இதை நினைத்தால் மனம் அடங்குகிறது. எட்ட இருக்கும் பெற்றவரைப் பற்றிப் பாடவோ வரையவோ உட்காருகிறவர்கள் நேரே முகத்தைத்தான் தேடுகிறார்கள், கிடைப்பது அழுகை. ஒரு தூணின் கொடிக்கருக்கை, அம்மா போடும் கோலத்தின் வளைவை, அப்பா தேவாரம் பாடும்போது இழுக்கும் இடத்தைச் சரியாகச் செய்து முடிப்பதில் ஒருவர் கரைந்துபோனால், கேளாமலே முகம் அதில் வந்துவிடுகிறது. அன்பு வேலையாக மாறும்போது ஏக்கம் குறைவதில்லை. அதற்கு உட்கார ஓர் இடம் கிடைக்கிறது.

1917இல் குமாரசுவாமி பொஸ்ரன் அருங்காட்சியகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு ‘சிவ நடனம்’ என்ற நூல் வந்தது. தந்தையின் தெய்வம். 1947இல் பொஸ்ரனுக்கு அருகே மறைந்தார். தன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, தன்னடக்கத்தால் அல்ல, கொள்கையால் எழுத மறுத்தார். கண்டிக் கைவினைஞரும் தம் வேலையில் பெயர் பொறிப்பதைப் பெரிதாக நினைக்கவில்லை. மலாயாவில் இருந்த தமிழர் எஸ். துரை ராஜசிங்கம் அதற்காக விட்டுவிடவில்லை. குமாரசுவாமியைப் பற்றிய ஒவ்வொரு துணுக்கையும் பல்லாண்டு சேர்த்து நூலாக்கினார்.