துடுப்பும் ஊழும்

மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. சென்னையில் அடையாற்றங்கரையில் இருக்கும் இக்கழகம் இந்தியாவின் மிகப் பழைய துடுப்புப் படகுக் கழகங்களுள் ஒன்று. கல்கத்தா ரோயிங் கிளப் (1858) அதற்கு மூத்தது. ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குக்காக அமைத்தது பின்னாளில் இந்தியர் கைக்கு வந்தது. சுற்றியுள்ள பகுதிக்கும் போட் கிளப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கழகத்தின் தலையாய சாதனை, கொழும்பு ரோயிங் கிளப்புடன் 1898இல் தொடங்கிய படகுப் பந்தயம். இரு நகரங்களிலும் அது மாறி மாறி நடக்கிறது. ஒரு நூற்றாண்டைத் தாண்டிய இந்தப் போட்டி, ஊழா முயற்சியா என்ற பழைய கேள்வியை வைத்துப் பார்க்க நல்ல களம்.

அந்தக் கேள்வியைப் பேசிய தமிழர் நீரையும் மிதப்பதையும் உவமையாக்கியது இயல்பே. கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192ஆம் பாட்டில், உயிரை ஆற்று நீரோடு போகும் புணையாகக் கண்டார். அவர் காட்டும் ஆறு மழை பெய்து பெருகி, கல்லில் மோதி இரைவது. சாரல் காலத்தில் குற்றாலத்துச் சிற்றாற்றையோ அச்சன்புதூர்ப் பக்கத்து அனுமன் நதியையோ வெள்ளத்தில் கண்டவர்களுக்கு அந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை. அங்கே துடுப்புக்கு வேலை கிடையாது; நீர் இட்டுச்செல்லும் வழிதான் வழி. அடையாற்றின் கடைப்பகுதியோ மெல்ல நகரும் நீர். அங்கே கை ஓய்ந்தால் படகும் ஓய்ந்துவிடும். ஊழை நம்புவதும் முயற்சியை நம்புவதும் ஓரளவுக்கு எந்த ஆற்றங்கரையில் இருந்து யோசிக்கிறோம் என்பதைப் பொறுத்தவை போலும்.

சைவம் இன்னொரு விடை வைத்திருக்கிறது. திருக்கொள்ளம்பூதூரில் வெள்ளத்தால் ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவைத்துப் போய்விட, திருஞானசம்பந்தர் அடியார்களை அதில் ஏற்றிப் பதிகம் பாட, ஓடம் அக்கரை சேர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் நாவே அங்குக் கோல். அந்நிகழ்வை நினைந்து அவ்வூரில் ஓடத் திருவிழா நடக்கிறது.

வள்ளுவரிடம் சிக்கல் கூடுகிறது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான 'ஊழ்', ஊழை விடப் பெரிய வலி இல்லை என்று முடிகிறது. பொருட்பாலின் 'ஆள்வினையுடைமை'யோ, தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காண்பர் என்று முடிகிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? பரிமேலழகர் தரும் சமாதானம் கூர்மையானது: ஊழ் ஒருமுறை இருமுறை தடுக்கலாம், பலமுறை தடுக்காது, ஆகவே பலகால் முயல்பவர் பயன் பெறுவர்.

இதில் 'பலகால்' என்பதுதான் இடறும் இடம். பந்தயப் படகு வலிப்பவருக்கு உடல் வலிவுள்ள ஆண்டுகள் சிலவே. அவர் முதுகைக் காட்டி அமர்ந்து, வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவர். சேரும் இடத்தைப் பார்ப்பவர், சுக்கான் பிடிப்பவர் இருந்தால், அவர் ஒருவரே. எத்தனை முறை தோற்று எத்தனை முறை திரும்புவார்? அவரால் இயலாத 'பலகால்' கழகத்துக்கு வாய்க்கிறது. தோற்ற அணியின் இடத்தில் அடுத்த தலைமுறை வந்து அமர்கிறது. மறுபிறவியை ஏற்பவர் உயிருக்குச் சொல்வதை, ஏற்காதவர் ஒரு கழகத்தில் கண்ணால் காணலாம். வென்றவர் வேறு, முயன்றவர் வேறு என்றால் அது யாருடைய பயன் என்று கேட்பவர் உண்டு. அந்தத் தடைக்குப் பரிமேலழகர் உரையில் விடை இல்லை.

ஆனால் கழகத்துக்கும் தன் ஊழ் உண்டு. அடையாற்றின் முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது; நகரத்துக் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது; 2015 டிசம்பரில் அதே ஆறு கரை மீறி நகருக்குள் புகுந்தது. இவற்றில் எதையும் துடுப்பால் தள்ளிவிட முடியாது. குற்றாலத்தில் வெண்ணமடைக் குளத்துப் படகுகளுக்கும் இதே நிலைதான்: குளம் நிரம்பினால்தான் படகு இறங்கும்.