வளர்ந்த பூனையின் சரணாகதி

இரண்டாவது பூனைக்காக மாடி அறையை ஒழித்தாயிற்று. பூனைகளைவிட ஒன்று கூடுதலாக, மூன்று மணல் தட்டுகள். பழையவளின் கன்னத்தைத் துடைத்த துணி புதியவன் கூடையில்; அவனுடையது இவள் படுக்கையில். வாசனை பழகிய பிறகுதான் முகதரிசனம்.

நாங்கள் வைணவத்தில் தென்கலை; எங்கள் சரணாகதிக்கும் பூனைதான் உவமை. தாய்ப்பூனை கவ்வித் தூக்க, குட்டி சும்மா கிடப்பதுபோல் ஆத்மா இறைவனிடம் கிடக்கும் மார்ஜார நியாயம் எங்களுடையது. வடகலையாருக்குத் தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி. ஆனால் வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கிப் பாருங்கள்: வலிக்கும், பிறாண்டும். வளர்ந்துவிட்ட ஆத்மா என்ன செய்யும்? (உபன்யாசகர்கள் பூனை வளர்ப்பதில்லை போலும்.)

எங்கள் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் கேட்பது முயற்சியை அல்ல, இறைவன் அருளை விலக்காமையை. அதைச் சுலபம் என்றே நினைத்திருந்தேன். பழையவளோ மாடிக் கதவிடுக்கில் சீறிக்கொண்டிருக்கிறாள். விலக்காமல் இருக்க அவள் எவ்வளவு பாடுபட வேண்டும்! அந்தப் பாடு முயற்சிக் கணக்கில் சேருமா? சேரும் என்றால் நான் பாதி வடகலை.